பலகைக்கு வெளியே இருந்த ஆட்டக்காரர்

டிப்ளமசி என்ற பலகை விளையாட்டை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். ஆலன் கேல்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954-இல் அதை வடிவமைத்தார். பெரிய நிறுவனங்கள் எவையும் வாங்க முன்வராமையால் 1959-இல் 500 பிரதிகளைத் தம் கைப்பணத்தில் வெளியிட்டார். ஹார்வர்டில் படித்த அந்த மனிதர் பிற்காலத்தில் சிகாகோவை அடுத்த ஒரு சிற்றூரில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரராகப் பணியாற்றி, 2013-இல் மறைந்தார். அவருடைய விளையாட்டும் தபாலில்தான் வளர்ந்தது என்பது ஒரு விந்தை. 1960-களில் ஊர் விட்டு ஊர் கடிதம் எழுதி ஆடினார்கள். பிறகு மின்னஞ்சலில் ஆடினார்கள். இன்று முன்பின் அறியாத ஏழு பேர் ஏழு நாடுகளில் அமர்ந்துகொண்டு இணையத்தில் ஆடுகிறார்கள்.

விதிகள் எளியவை. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடம், அதில் ஏழு வல்லரசுகள், 34 மையங்கள். 18 மையங்களைப் பிடித்தவர் வென்றவர். பகடை இல்லை, சீட்டு இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. எல்லாப் படைகளும் சம வலிமை உடையவை. ஒரு படை இன்னொன்றைத் தாக்கினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அண்டை நாட்டுக்காரர் தம் படையை நம் படைக்கு ஆதரவாக எழுதித் தந்தால்தான் நாம் ஓர் அடி முன்னேற முடியும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பேச்சு, பேரம், சத்தியம். பிறகு ஒவ்வொருவரும் தம் ஆணைகளை மறைவாக எழுத, எல்லா ஆணைகளும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். தந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. நேற்றிரவு தோள்மேல் கைபோட்டுப் பேசியவரின் படை இன்று நம் தலைநகரில் நிற்பதை அப்போதுதான் காண்போம்.

2022-இல் மெட்டா நிறுவனத்தார் சிசரோ என்ற கணினி நிரலை இந்த ஆட்டத்தில் இறக்கிவிட்டனர். இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களுள் முதல் பத்து விழுக்காட்டினர் வரிசையில் அது இடம்பெற்றது. அது பெரும்பாலும் நேர்மையாகவே பேசிற்று என்றனர் அதை ஆக்கியவர்கள். இல்லை, அதுவும் ஏய்த்தது என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுத்தனர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். பழகிய ஆட்டக்காரர்கள் 'துரோகம்' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பதுதான் நம் கவனத்துக்குரியது. அணி மாறியவருக்கு அதனால் எத்தனை மையங்கள் கிடைத்தன, அவர் மாறியே தீரவேண்டிய இடத்தில் இருந்தாரா என்றே அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து கேட்டுப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அணி மாறுதலைக் குறிக்க ஒரு மனிதரின் பட்டப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. 'எட்டப்பன்' என்று ஒருவரைத் திட்டினால் அகராதி தேவையில்லை. அந்தச் சொல் பிறந்த வரலாற்றை நாற்பது ஆண்டுகள் பின்னால் தள்ளித் தொடங்கினால் வேறொரு காட்சி கிடைக்கிறது.

சாத்தூர்ப் பக்கம், ஏழாயிரம்பண்ணையை ஒட்டிய கரிசல் காட்டில் உள்ளது அச்சங்குளம். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் 2021 பிப்ரவரியில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தியாக மட்டுமே நினைவிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நின்று பார்த்தால் ஒரு பலகை முழுவதும் தெரியும். ஏழாயிரம்பண்ணையே ஒரு பாளையம். மேற்கே, மலையடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, நெற்கட்டும்செவல், அதற்கும் தெற்கே ஊத்துமலை, சுரண்டை, வடகரை என மறவர் பாளையங்களின் வரிசை. கிழக்கே எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் எனப் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். வடமேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை. மதுரையிலிருந்து நெல்லைச் சீமைக்குள் இறங்கும் எந்தப் படையும் இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நடக்க வேண்டும். நாயக்கர் காலத்தில் 72 பாளையங்களாக வகுக்கப்பட்ட அமைப்பு அது. 1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தபின் அவற்றுக்கு மேலே நிலையான அரசர் யாரும் இல்லை. வரி கேட்டு வருபவர்கள் மட்டும் இருந்தார்கள்.

1755-இல் வந்தவர்கள் இருவர். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கான் ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் மற்றவர். சிப்பாய்களுக்குத் தலைவராக யூசுப்கான் உடன் வந்தார். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயரை விட்டு இஸ்லாத்தில் சேர்ந்து, கம்பெனிச் சிப்பாயாக உயர்ந்தவர். கிழக்குப் பாளையக்காரர்கள் ஹெரானிடம் பேசி முடித்துக்கொண்டார்கள். மேற்கே புலித்தேவர் மட்டும் பேசவில்லை. நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் போய் நின்ற ஹெரானிடம் மதிலை உடைக்கும் பீரங்கி இல்லை. 20,000 ரூபாய் கொடுத்தால் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பார்த்தார். அவரிடம் இருப்பு என்ன என்பதை அறிந்துகொண்ட புலித்தேவர் ஒரு காசும் தரவில்லை. ஹெரான் மதுரை, நெல்லைச் சீமைகளை ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு மாபூஸ்கானிடம் விட்டுவிட்டு வடக்கே திரும்பினார். வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையை மடக்கியதும், சென்னையில் விசாரிக்கப்பட்டுப் பதவி இழந்ததும் தனிக்கதை.

குத்தகைக்காரர் தனியே நின்றார். பலகையில் இதைவிட நல்ல வாய்ப்பு வராது. புலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். சந்தா சாகிப்பின் ஆட்களாக வந்து இச்சீமையில் தங்கிவிட்ட மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்ற மூன்று பட்டாணியத் தளபதிகள் நவாபுக்குப் பகைவர்கள், அவர்களும் சேர்ந்தார்கள். மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா இருந்தார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த அரசர். அவருக்குக் களக்காட்டின் மேல் கண். இரண்டாயிரம் திருவிதாங்கூர் வீரர்கள் புலித்தேவர் பக்கம் வந்தனர். களக்காட்டில் மாபூஸ்கானின் படை தோற்றது. நவாபின் இன்னொரு சகோதரர் அப்துல் ரஹீமின் பொறுப்பில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் புலித்தேவர் வசமாயிற்று.

இந்தக் கூட்டணியில் சேராதவர்களைப் பார்க்க வேண்டும். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. ஆம், பாஞ்சாலங்குறிச்சியும்தான். வீரபாண்டிய கட்டபொம்மன் பிறப்பதற்கு முந்தைய காலம் அது. அன்று இரு பாளையங்களும் ஒரே பக்கம் நின்றன. மறவர் பாளையங்களில் சிவகிரி மட்டும் சேரவில்லை. சாதியால் அணி பிரிந்தது என்று சொல்லிப் பழகியவர்களுக்குச் சிவகிரி ஒரு தொல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் தொல்லை நீங்குகிறது. புலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை சிவகிரிக்கு மிக அருகில் இருந்தது. டிப்ளமசி ஆட்டத்தில் ஆஸ்திரியாவை முதலில் விழுங்க நினைப்பவர்கள் பக்கத்திலிருக்கும் இத்தாலியும் துருக்கியும்தான். தொலைவிலுள்ள இங்கிலாந்துக்கு அதில் அக்கறை இராது. அண்டை வீட்டார் பெருப்பதைக் கண்டு அஞ்சுவதற்குச் சாதி தடையாக இருந்ததில்லை என்பது நம் கருத்து. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தன. ஆற்காட்டு வாரிசுப் போரிலேயே முகமது அலியின் தரப்பில் நின்றவர்களுக்கு அது புதிய முடிவும் அன்று.

1756 மார்ச் 21-ஆம் நாள் திருநெல்வேலிக்கு வடக்கே சில கல் தொலைவில் இரு தரப்பும் மோதின. முடேமியா போர்க்களத்தில் வீழ்ந்தார். அவர் விழுந்ததும் கூட்டணிப் படை கலைந்தது. மாபூஸ்கான் வென்றார். வென்றும் பயனில்லை. படைக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. கம்பெனியார் யூசுப்கானைப் புதிய படையுடன் அனுப்பினார்கள். அதே ஆண்டில் நெல்லைக் குத்தகையை அழகப்ப முதலி என்பவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தாம் வென்ற சீமை கைவிட்டுப் போவதைக் கண்ட மாபூஸ்கான் என்ன செய்தார்? புலித்தேவருடன் சேர்ந்துகொண்டார். யாரை எதிர்த்து ஓராண்டுக்கு முன் களத்தில் நின்றாரோ அவரிடமே அடைக்கலம் புகுந்தார். அவருடைய ஆள் பர்கத்துல்லா மதுரைக் கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டார். 1757-இல் காலியோ என்ற கம்பெனித் தளபதி முற்றுகையிட்டும் முடியாமல், கடைசியில் பணம் கொடுத்தே மீட்க வேண்டியதாயிற்று.

நவாபின் அண்ணனைத் தம் பக்கம் வைத்துக்கொண்டதால் புலித்தேவருக்குப் படையைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. அதுவரை அவர் வரி கட்டாத பாளையக்காரர். இப்போது ஆற்காட்டு வீட்டுச் சண்டையில் ஒரு தரப்பின் துணைவர். இதைச் செய்தவரை வெறும் முரட்டு வீரராகக் காட்டும் நம் மேடைப் பேச்சுகள் அவருக்கு நியாயம் செய்யவில்லை. வீரத்தோடு கணக்கும் தெரிந்தவர் அவர்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். யூசுப்கான் வடக்கே அழைக்கப்பட்டார். அவர் முதுகு திரும்பியதும் தெற்கே பாளையங்கள் மீண்டும் எழுந்தன. இரண்டு மாதத்தில் முற்றுகை முறிந்தது. 1759-இல் யூசுப்கான் புதிய பலத்துடன் திரும்பி வந்தார். வந்தவர் முதலில் செய்த வேலை போர் அன்று, பேரம். மார்த்தாண்ட வர்மா 1758-இல் இறந்திருந்தார். தர்மராஜா என அழைக்கப்பட்ட ராம வர்மா திருவிதாங்கூரில் ஆட்சிக்கு வந்திருந்தார். யூசுப்கான் அவருக்குக் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்தார். அதற்கு விலையாகத் திருவிதாங்கூர்ப் படை வடகரைக்கும் நெற்கட்டும்செவலுக்கும் எதிராக வந்தது. புலித்தேவருக்கு அரணாக இருந்த மலை இப்போது பகைவர் வரும் வாசலாயிற்று.

திருவிதாங்கூர் செய்தது துரோகமா? 1755-இல் அது புலித்தேவர் பக்கம் நின்றது களக்காட்டுக்காக. 1759-இல் எதிர்ப்பக்கம் வந்ததும் களக்காட்டுக்காக. இடையில் அது தன் விருப்பத்தை ஒருநாளும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த விருப்பத்தை நிறைவேற்றித் தரும் ஆற்றல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிற்று, அவ்வளவே. தாம் ஏற்கெனவே கொடுத்த ஒன்றையே எதிரி நிலையாகத் தருவதாகச் சொல்லும்போது புலித்தேவர் மேலும் எதைக் கொடுத்திருக்க முடியும்?

அப்படியும் அந்த ஆண்டு நெற்கட்டும்செவல் விழவில்லை. கருங்கல்லும் களிமண்ணும் வைக்கோலும் கலந்து கட்டிய அந்தப் பக்கத்துக் கோட்டைகளின் உறுதியைக் கம்பெனி அதிகாரிகளே வியந்தனர் என்பர். யூசுப்கானுக்குப் பெரிய பீரங்கிகள் வேண்டியிருந்தன. அவை திருச்சிராப்பள்ளியிலிருந்து வரவேண்டும். பிரெஞ்சுப் போர் நடந்துகொண்டிருந்தவரை வரவில்லை. 1760 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தன. மாபூஸ்கானும் அந்த ஆண்டளவில் தம்பியோடு சமாதானமாகிப் புலித்தேவரை விட்டுப் போனார். புலித்தேவர் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். ஹைதர் அப்போது மராட்டியரோடு சிக்கிக் கிடந்தார். பிரெஞ்சுக்காரரிடம் கேட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

அந்தச் செய்தி தெற்கே வந்தபின் நடந்ததை எந்த ஆட்டக்காரரும் ஊகிக்கலாம். சேத்தூர் அணி மாறியது, ஊத்துமலை மாறியது, சுரண்டை மாறியது. ஆறு ஆண்டுகள் தாங்கி நின்ற கூட்டணி சில மாதங்களில் கரைந்தது. 1761 மே 16-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்ற மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின. (இந்தப் பனையூர் புலித்தேவரின் கோட்டை, யூசுப்கான் பிறந்த ஊர் வேறு.) புலித்தேவர் ராமநாதபுரம் சீமையின் கடலாடிக்குத் தப்பிச் சென்றார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். சேத்தூர்க்காரரும் சுரண்டைக்காரரும் எதைக் கணக்கிட்டார்கள்? புதுச்சேரி அவர்கள் கண்ணால் காணாத ஊர். ஆனால் அவர்களுடைய கோட்டையின் ஆயுளை அந்த ஊர் தீர்மானித்தது. டிப்ளமசி ஆட்டம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் ஒரு நியாயம் அதில் உண்டு: பலகைக்கு வெளியே எதுவும் கிடையாது. 34 மையங்களுக்கு மேல் 35-ஆவது மையம் எவரிடமும் ஒளிந்திருக்காது. நெல்லைச் சீமையில் ஆடியவர்களுள் ஒருவருக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தவில்லை. ஹெரான் தோற்றார், கம்பெனி வேறொருவரை அனுப்பிற்று. மாபூஸ்கான் கைமாறினார், கம்பெனி குத்தகையை வேறொருவருக்கு மாற்றிற்று. மதுரை பறிபோயிற்று, பணம் கொடுத்து வாங்கிற்று. அதன் மையங்கள் சென்னையில் இருந்தன, வங்காளத்தில் இருந்தன, லண்டனில் இருந்தன. பாளையக்காரரால் எட்டித் தொட முடியாத இடங்கள். புலித்தேவரோ ஒருமுறை தோற்றால் எல்லாம் போயிற்று. கூட்டணி முறிந்தது யாருடைய நாணயக் குறைவாலும் அன்று. பல தடவை தோற்கக் கூடியவரோடு ஒரே தடவை தோற்கக் கூடியவர்கள் ஆடினார்கள் என்பதால்தான் என்று நாம் கருதுகிறோம்.

யூசுப்கானின் முடிவு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பலகையில் மிக வலிய காயாக இருந்தவர் அவர். மதுரை, நெல்லைச் சீமைகள் அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தபின் தாமே ஆட்டக்காரராக விரும்பினார். களக்காட்டைக் கொடுத்து நண்பராக்கிய திருவிதாங்கூரோடு 1762-63-இல் அவரே போர் தொடுத்தார். நவாபும் கம்பெனியும் சந்தேகம் கொண்டபோது 1763-இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்தக் கொடிக்குப் பின்னால் அப்போது யாரும் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 10-இல் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டு, அதன் பதினோராவது பிரிவில் முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தனர். மதுரைக் கோட்டை மதிலின் மேல் பறந்த கொடியின் பொருளைப் பாரிஸில் ஏற்கெனவே அழித்துவிட்டார்கள்.

துணைக்கு அழைக்கப் பாளையக்காரர் கூட்டணி ஒன்று இருந்திருக்குமானால்? அதை உடைத்தவரே யூசுப்கான்தான். புலித்தேவரின் மூன்று கோட்டைகளை வீழ்த்திய இரண்டே ஆண்டுகளில், புலித்தேவர் இருந்த இடத்தில் அவர் வந்து நின்றார். மதுரை நீண்ட முற்றுகையைத் தாங்கிற்று. மேஜர் சார்லஸ் கேம்பலின் நேரடித் தாக்குதலும் தோற்றது. ஆனால் உள்ளே பசி. 1764 அக்டோபர் 13-இல் அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மர்ச்சந்தும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 15-ஆம் தேதி மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரில் இன்று வசைச்சொல் எதுவும் இல்லை. சீனிவாசராவின் பெயரிலும் இல்லை.

வசைச்சொல் எட்டயபுரத்துக்கு வாய்த்தது 1799-இல். அந்த ஆண்டு செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே பக்கம் நின்ற இரு அண்டைப் பாளையங்களுள் எட்டயபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டபொம்மன் எதிர்ப்பக்கம் போயிருந்தார். கண்டிப்பாகச் சொன்னால் அணி மாறியது பாஞ்சாலங்குறிச்சிதான். அந்த மாற்றத்தையே நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் 'தொண்டைமான்' வசையாகவில்லை, 'எட்டப்பன்' ஆயிற்று. அண்டை வீட்டாரின் பகையைத்தான் கதைப்பாடல்கள் நினைவில் வைக்கும் போலும். 1959-இல் வந்த திரைப்படம் மிச்சத்தை முடித்து வைத்தது. அந்த அரண்மனையின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் தம் கடைசி நாட்களைக் கழித்ததும், அந்த ஊரில் 1882-இல் பாரதி பிறந்ததும் இருந்தும், அவ்வூர்க்காரர்கள் பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பைச் சகித்துக்கொள்ள நேர்கிறது.

எட்டயபுரம் தன் கணக்கில் எதைப் பெற்றது என்று பார்த்துவிடலாம். போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என ஆறு பாளையங்களைக் கம்பெனி பறிமுதல் செய்தது. பறித்ததில் ஒரு பகுதி எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை ஆகிய விசுவாசமான பாளையங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஆட்டத்தின் மொழியில் சொன்னால், ஆதரவு எழுதித் தந்தவருக்குச் சில மையங்கள். 1801 ஜூலையில் கர்நாடக உடன்படிக்கையின்படி நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. அறுபது ஆண்டுகளாக யாருக்காக வரி வசூலிப்பதாகச் சொல்லப்பட்டதோ அந்த நவாபும் பலகையிலிருந்து எடுக்கப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணை வந்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1803-இல் எஞ்சியிருந்த பாளையக்காரர்களுக்கு நிரந்தரத் தீர்வைச் சன்னது வழங்கப்பட்டது. எட்டயபுரத்தாருக்கும் ஒன்று கிடைத்தது. ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகை அதில் குறிக்கப்பட்டிருந்தது. படை வைத்துக்கொள்ளும் உரிமை குறிக்கப்படவில்லை.